எஃப்.ஐ.ஆரில் காணாமல் போகிற சொல்

(சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



குற்றவியல் சட்டத்தையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் கல்லூரியில் எப்படிச் சொல்லித்தருவது என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இது வாத்தியார்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம், இயக்கக் கூட்டத்தில் எதுக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். சேரியில் ஒரு பிரச்சினை வந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு யாரைத் தேடிப் போகிறார்கள்? 'நம்ம பையன் லா படிக்கிறான், அவனக் கூட்டிக்கிட்டுப் போவோம்' என்றுதான் போகிறார்கள். அவன் மூணாவது வருஷம் படிக்கிறவன். இன்னும் கறுப்புக் கோட்டு போடாதவன். ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில் ஒரு தெருவோட கதி இருக்கிறது. ஆகவே இது நம்ம விஷயம்தான்.

அவனுக்கு என்ன தெரியும்? 1884இல் நடுக்கடலில் படகில் தவித்த இங்கிலீஷ் மாலுமிகள் பசி தாங்காமல் கூட இருந்த பையனைக் கொன்று தின்றது தெரியும். அந்த வழக்கில் 'அவசியம்' என்பது கொலைக்கு எதிர்வாதம் ஆகாது என்று சொன்னது தெரியும். 1843இல் லண்டனில் ஒருவன் பைத்தியமா இல்லையா என்று பார்த்து வகுத்த விதி தெரியும். மென்ஸ் ரியா தெரியும். கொலைக்கும் கொலையாகாத மரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை எட்டுப் பக்கத்துக்கு எழுதுவான். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் இவற்றைச் சொல்லித்தருகிறவன்தான். ஆனால் படகில் செத்த இங்கிலீஷ் பையன் பேரைத் தெரிந்தவனுக்கு வெண்மணியில் 44 பேர் எரிந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் எப்படி முடிந்தது என்று தெரியாது. ஏனென்றால் பரீட்சைக்கு வராது.

முதலில் ஒன்றைப் பார்ப்போம். 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் சாதிக்கொரு தண்டனை கிடையாது. மனு சொன்ன மாதிரி இன்ன வருணத்தான் செய்தால் இந்தத் தண்டனை, இன்ன வருணத்தான் செய்தால் மொட்டை மட்டும் என்பதெல்லாம் போய்விட்டது. காகிதத்தில் திருட்டு என்றால் எல்லாருக்கும் திருட்டுதான். சரி, அப்போ சாதி எங்கே போச்சு? பதினோரே வருஷத்தில், 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டமாக வந்து நின்றது. சென்னை மாகாணத்துக்கு 1911 சட்டத்தின் வழியாக வந்தது. பிறப்பே குற்றம், கைரேகை வை, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு என்றது. விடுதலைக்குப் பிறகு 1952இல் நாடு முழுக்க அதை ரத்து செய்தார்கள். ரத்து செய்த கையோடு வழக்கக் குற்றவாளிச் சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். சிறைக்குள்ளே யார் சமைக்கணும், யார் கூட்டணும் என்று சாதி பார்த்துச் சொன்ன சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது எப்போது? 2024 அக்டோபர் 3இல். போன நூற்றாண்டில் இல்லை, நேத்து.

ஆக, சாதி தண்டனைச் சட்டத்தின் வாசகத்திலிருந்து வெளியேறி நடைமுறைக்குள்ளே குடியேறிவிட்டது என்பது என் வாசிப்பு. யார் சொல்வதைக் கேட்பது, கேட்டதை யார் எழுதுவது, எழுதியதை யார் நம்புவது, யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே விடுவது, இதெல்லாம் நடைமுறை. கல்லூரியில் இதைத்தான் ரெண்டாந்தரப் பாடமாக, நம்பர் மனப்பாடமாக நடத்தி முடிக்கிறோம். தண்டனைச் சட்டத்தில் தத்துவம் இருக்கிறதாம், நடைமுறைச் சட்டத்தில் தத்துவம் இல்லையாம். நான் தலைகீழாகச் சொல்கிறேன். நம்ம சனத்துக்கு வழக்கு முடிகிற இடம் தீர்ப்பு அல்ல. ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைத் திறக்கிற இடத்திலேயே பாதி வழக்கு முடிந்துபோகிறது.

வகுப்பில் நான் ஒரு பயிற்சி கொடுப்பேன். ஒரு புகாரைப் பேச்சுத் தமிழிலேயே, ஒரு கூலித் தொழிலாளி சொல்கிற மாதிரியே படித்துக் காட்டுவேன். 'டீக்கடைல பெஞ்சில உக்காந்து டீ குடிச்சேங்க. அவரு வந்தாரு. எந்திரிடா...' என்று சாதிப் பேரைச் சொல்லி, 'உனக்கு பெஞ்சு கேக்குதான்னு செருப்பக் கழட்டி அடிச்சாரு. கடைக்காரரு, பால்காரரு, இன்னும் நாலஞ்சு பேரு பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒருத்தரும் கேக்கல.' இவ்வளவுதான். இதை ஒரு பக்கப் புகாராக எழுதச் சொல்வேன்.

என்ன எழுதுகிறார்கள்? 'மேற்படி நபர் என்னை ஆபாசமான வார்த்தைகளால் திட்டி, தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தார்.' பெரும்பாலான தாள்களில் இதே வாக்கியம். கவனியுங்கள். அவர் சொன்ன சாதிச் சொல் போய்விட்டது. செருப்பு போய்விட்டது. பெஞ்சு போய்விட்டது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் போய்விட்டார்கள். யாருமே சொல்லாத கொலை மிரட்டல் மட்டும் உள்ளே வந்துவிட்டது! ஊர்த்தெருவிலிருந்து வந்த மாணவனும் இப்படித்தான் எழுதுகிறான், சேரியிலிருந்து வந்த மாணவனும் இப்படித்தான் எழுதுகிறான். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. 'எழுதுவது' என்றால் இப்படித்தான் என்று பழகியிருக்கிறது. அந்தச் சொல்லை எழுதக் கூச்சம். அசிங்கமான சொல்லாச்சே, அதை எப்படித் தாளில் எழுதுவது என்கிறான். சொன்னவனுக்குக் கூச்சமில்லை, எழுதுகிறவனுக்குக் கூச்சம்.

இந்தக் கூச்சத்தின் விலை என்ன? தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் 294(பி), 323, 506 என்று ஒரு மூணு நம்பர் தயாராக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அவை 296(பி), 115(2), 351 ஆகிவிட்டன. நம்பர்தான் மாறியிருக்கு, மூணும் அதே மூணுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் வர வேண்டுமானால், இழிவுபடுத்தினான் என்பதும் சாதிப் பேர் சொன்னான் என்பதும் புகாரில் இருக்கணும். பொதுமக்கள் பார்வையில் படுகிற இடத்தில் நடந்தது என்பது இருக்கணும். 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், நாலு சுவத்துக்குள்ளே, வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அப்போ கடைக்காரரும் பால்காரரும் வெறும் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல, அவர்கள்தான் அந்தப் பிரிவின் உயிர். அவர்களைப் புகாரிலிருந்து வெட்டியவன் பிரிவையே வெட்டிவிட்டான். மூணு வருஷம் கழித்துக் கூண்டில் அந்தத் தொழிலாளி 'சாதியச் சொல்லித் திட்டினாருங்க' என்று சொல்லும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இது முதல் தகவல் அறிக்கையில் இல்லையே, பிற்பாடு சேர்த்துக்கொண்டது என்பார். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. வழக்கு போச்சு.

ஆகவே 173ஆவது பிரிவை, பழைய 154ஐ, ஒரு வாரம் நடத்தினாலும் தகும். சொன்னதை எழுதணும், எழுதியதைப் படித்துக் காட்டணும், கையெழுத்து வாங்கணும், நகலை இலவசமாகக் கொடுக்கணும். நம்ம ஆள் கையில் என்ன கொடுத்து அனுப்புகிறார்கள்? சி.எஸ்.ஆர். ரசீது. 'மனு வாங்கியிருக்கோம், விசாரிக்கிறோம், போய்ட்டு திங்கக்கிழம வா.' அந்தத் திங்கக்கிழமைக்குள்ளே ராஜி பேச ஆள் வந்துவிடும், எதிர்ப்புகார் ஒண்ணும் வந்துவிடும். கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் பதிவு செய்தே ஆகணும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. மறுத்தால் எஸ்.பி.க்கு எழுது, அங்கேயும் நடக்காவிட்டால் 175(3)இல் மாஜிஸ்திரேட்டிடம் போ. எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், மின்னணு வழியிலும் அனுப்பலாம், அப்படி அனுப்பினால் மூணு நாளில் போய்க் கையெழுத்துப் போடணும் என்பதெல்லாம் புதுச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. இது தெரிந்த பையன் வாசலில் நிற்பதும் தெரியாத பையன் நிற்பதும் ஒண்ணா?

புதுச் சட்டம் என்றதும் ஒரு விஷயம். பழைய நம்பருக்குப் புது நம்பர் என்று அட்டவணை போட்ட கைடுகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. பேரைச் சொல்லவே நாக்கு சுளுக்குகிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று. வகுப்பில் எல்லாரும் பி.என்.எஸ்.எஸ். என்றே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அட்டவணையில் வராதது ஒண்ணு இருக்கிறது. 173(3). மூணு வருஷமும் அதற்கு மேலும், ஆனால் ஏழு வருஷத்துக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின் 3(1) குற்றங்களுக்கு என்ன தண்டனை? ஆறு மாதம் முதல் அஞ்சு வருஷம். நேராக அந்தக் கட்டத்துக்குள்ளே வந்து விழுகிறதா இல்லையா? இனி ஸ்டேஷனில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். '14 நாள் டைம் இருக்கு சார்.'

இதைத்தான் நான் பரீட்சைக் கேள்வியாகக் கொடுக்கிறேன். விடை என்ன? 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம், வன்கொடுமைப் புகாரில் முதற்கட்ட விசாரணை செய்யலாம், கைதுக்கு முன் அனுமதி வாங்கணும் என்றெல்லாம் சொன்னது. ஏப்ரல் 2இல் நாடு முழுக்கக் கடையடைப்பு. துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் உயிர்கள் போயின. அந்த வருஷமே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைதுக்கு முன் அனுமதி தேவையில்லை என்றது. 2020 பிப்ரவரி 10இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. முகாந்திரமே இல்லாத வழக்கில் முன்ஜாமீன் கொடுக்கலாம் என்று ஒரு சந்தையும் விட்டது, அதையும் மறைக்காமல் சொல்லித்தரணும். புதுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, தனிச் சட்டம் சொல்வதை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. இந்த மூணையும் கோத்துக் கட்டுகிற மாணவன் ரைட்டரிடம் பேச முடியும். 18ஏ என்பது ஒரு பிரிவு எண் மட்டுமல்ல, தெருவில் இறங்கி வாங்கிய பிரிவு. அதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

பாடத்திட்டத்தில் இந்தச் சட்டத்துக்கு என்ன இடம்? கடைசியில், 'சிறப்புச் சட்டங்கள்' என்று ஒரு மூலையில், நேரமிருந்தால். சேரிக்கு எப்படி ஊருக்கு வெளியே இடமோ அப்படி. 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி.க்குக் குறையக்கூடாது என்று 1995 விதிகளின் 7ஆவது விதி சொல்கிறது. இன்ஸ்பெக்டரே விசாரித்து முடித்துக் குற்றப்பத்திரிகை போட்டால் எதிரிக்கு அதுவே ஓட்டை. 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு ஜாமீன் விசாரணையில் தகவல் தரணும், அவர் பேச்சைக் கேட்கணும் என்கிறது. அப்படிச் செய்யாததால் கொடுத்த ஜாமீனையே 2021இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. எத்தனை ஜாமீன் மனுவில் நம்ம ஆளுக்குத் தகவல் வருகிறது? இளம் வழக்கறிஞர்கள் இங்கே இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

தீர்ப்புகளுக்கு வருகிறேன். வகுப்பில் தீர்ப்பைத் தேவவாக்கு மாதிரிப் படிக்கிறோம். தீர்ப்பும் ஒரு பிரதிதான், எழுதியவனுக்கு ஒரு தெரு உண்டு, ஒரு சாதி உண்டு. வெண்மணியை எடுங்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி. கீழ்க்கோர்ட் 1970இல் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனுசர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற ரீதியில் காரணம் சொன்னது. இதை எந்தப் பிரிவின் கீழ் படிப்பது? சாட்சியச் சட்டத்தில் 'இயல்பான நிகழ்வுப் போக்கு' என்று ஒரு விஷயம் இருக்கிறது. எது இயல்பு என்று முடிவு செய்கிறவன் யார் என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. மிராசுதார் கையில் தீப்பந்தம் இயல்பில்லை, கூலிக்காரன் கையில் அரிவாள் இயல்பு. அதே நாளில் நடந்த இன்னொரு கொலைக்கு விவசாயத் தொழிலாளர்கள் மேல் போட்ட வழக்கில் தண்டனை நின்றது. ரெண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் நிரூபணம் என்ற சொல்லை எப்படி விளக்குவது, எனக்குத் தெரியவில்லை.

வாத்தியார் என்ன செய்ய முடியும் என்கிறவர்களுக்கு மதுரா வழக்கை நினைவுபடுத்துகிறேன். 1972இல் மகாராஷ்டிரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஓர் ஆதிவாசிப் பெண் மீது நடந்த பாலியல் வன்முறை. உடம்பில் காயமில்லை, எதிர்த்துப் போராடவில்லை, ஆகவே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. 1979இல் நாலு சட்டப் பேராசிரியர்கள், உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் இயக்கங்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுபோயின. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கிற வன்முறை தனிக் குற்றம் ஆனது. நாலு வாத்தியார் ஒரு கடிதம். நம்ம அம்பேத்கர் 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சிலைக்கு மாலை போடும்போது அவர் வகுப்பெடுத்தவர் என்பது நமக்கு நினைவு வருவதில்லை.

முழு வழக்கையும் ஆரம்பத்திலிருந்து நடத்த ஒரு வழக்கு வேணுமென்றால் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூணும் சேர்ந்து மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் போனார்கள். பாதிக்கப்பட்ட பெண்களையே குற்றவாளிகளாக ரிமாண்ட் செய்து சேலம் சிறையில் வைத்தார்கள். புகார் வாங்காதது, உயர் நீதிமன்றம் போனது, சி.பி.ஐ. வந்தது, அடையாள அணிவகுப்பு, விசாரணை என்று நடைமுறைச் சட்டத்தின் எல்லா அத்தியாயமும் அதில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் 31 வருஷம் ஒரே வார்த்தையில் நின்றார்கள்.

இனி ஒரு சிக்கலான விஷயம். ஒரு மாணவி வகுப்பில் கேட்டார். 'ஐயா, நேத்து ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்குன்னு சொன்னீங்க. இன்னிக்கு 18ஆம் பிரிவுல முன்ஜாமீன் கூடாதுங்கிறீங்க. எது நியாயம்?' சரியான கேள்வி. நம்ம மேடைகளில் இதை யாரும் கேட்பதில்லை. கைதுசெய், தூக்கில் போடு, குண்டர் சட்டத்தில் போடு என்று முழங்கிவிட்டு வந்துவிடுகிறோம்.

நான் சொன்ன பதில் இதுதான். சிறைக்குள்ளே போய்ப் பாருங்கள். இந்தியச் சிறைகளில் நாலில் மூணு பேர் விசாரணைக் கைதிகள். அதில் ஏறக்குறைய அஞ்சில் ஒருவர் நம்மாள். மக்கள்தொகையில் நம்ம பங்கு 2011 கணக்குப்படி 16.6 சதவீதம். ஜாமீனுக்குச் சொத்துக் காட்ட ஆளில்லாமல் கிடக்கிறவன் யார்? 1993இல் கம்மாபுரம் ஸ்டேஷனில் திருட்டு வழக்கென்று அடித்துக் கொல்லப்பட்ட குறவர் ராஜாகண்ணுவை, தப்பி ஓடிவிட்டான் என்று எழுதினார்களே. பிறகு 'ஜெய்பீம்' படம் பார்த்து அழுதோமே. அவருக்கு வேண்டியிருந்தது என்ன? 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது, வக்கீலைப் பார்ப்பது, கைது பற்றிக் குடும்பத்துக்குச் சொல்வது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை என்பது நம்ம வீட்டுச் சொத்து. அதை நாமே 'எதிரிக்குச் சலுகை' என்று ஏளனம் செய்தால் நாளைக்கு நம்ம பையன் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு வரும்போது என்ன பேசுவோம்? 1982 குண்டர் சட்டத்தில் உள்ளே இருக்கிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று ஒரு நாள் சிறை வாசலில் மனு போட நிற்கிற அம்மாக்களைக் கேளுங்கள்.

அப்போ 18ஆம் பிரிவு? அது முன்ஜாமீனை மட்டும்தான் தடுக்கிறது. கைதுக்குப் பிறகு ஜாமீன் கேட்கிற உரிமையை எடுக்கவில்லை. ஏன் தடுக்கிறது? அடித்தவன் வயலில்தான் அடிபட்டவன் கூலி. சாட்சி சொல்கிறவனுக்குத் தண்ணி வருவது அவன் தெருக் குழாயில். சம்பவம் நடந்த முதல் சில நாளில் அடித்தவன் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் ஒரு சாட்சியும் மிஞ்சாது. வழிப்போக்கர்கள் ரெண்டு பேர் அடித்துக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறது. இந்தப் பதில் அந்த மாணவிக்கு முழுத் திருப்தி இல்லை. 'பொய்ப் புகார் வந்தா?' என்றார். வரும். எந்தச் சட்டத்தில்தான் வரவில்லை? திருட்டுச் சட்டத்தில் எத்தனை பொய் வழக்கு நம்ம மேல வந்திருக்கு, அதுக்காகத் திருட்டுச் சட்டத்தை யாராவது நீர்த்துப்போகச் செய்தார்களா? விவாதம் மணி அடித்த பிறகும் நடந்தது. நடக்கட்டும்.

கடைசியாக மொழி. மாதிரி நீதிமன்றப் போட்டிகள் இங்கிலீஷில் நடக்கின்றன. உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிற மாதிரி. நம்ம மாவட்டக் கோர்ட்டில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது. குறுக்கு விசாரணைத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது, கேட்டிருக்கிறீர்களா? 'சம்பவ இடத்தில் தெருவிளக்கு இல்லை என்று சொன்னால் சரிதான்.' 'எனக்கும் எதிரிக்கும் வரப்புத் தகராறு உண்டு என்று சொன்னால் சரிதான்.' சாட்சி சொன்னது 'ஆமாங்க' மட்டும். மீதி வாக்கியம் முழுக்க வக்கீலுடையது. அது சாட்சியின் வாக்குமூலமாகப் பதிவாகிவிடுகிறது. பெரிய மனுசர் யார் கேட்டாலும் 'ஆமாங்க' என்று சொல்லியே பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கிழவியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் என்ன ஆகும்? ஆகவே நான் மாதிரி விசாரணையைத் தமிழில் நடத்துகிறேன். மாணவர்களில் ஒருவர் அந்தக் கிழவி, ஒருவர் எதிரி வக்கீல், ஒருவர் அரசு வக்கீல். எப்போது எழுந்து ஆட்சேபிப்பது, மறுவிசாரணையில் எதைக் கேட்டு மீட்பது என்று பழக்குகிறேன். ஆங்கிலத்தில் தயங்கி நிற்கிற சேரி மாணவர்கள் இதில் முன்னே வந்துவிடுகிறார்கள். கிழவி என்ன சொல்வாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் பாடநூல் கிடையாது. எனக்கு வேண்டியது காகிதம். உங்கள் ஊரில், உங்கள் ஆபீசில் முடிந்துபோன வன்கொடுமை வழக்குகளின் கட்டுகள் கிடக்கும். எஃப்.ஐ.ஆர்., மகஜர், சாட்சி வாக்குமூலம், காயச் சான்றிதழ், தீர்ப்பு. விடுதலை ஆன வழக்காக இருந்தால் இன்னும் நல்லது, எங்கே ஓட்டை விழுந்தது என்று பார்க்கலாம். பேர்களையும் ஊரையும் மறைத்துவிட்டு வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். தருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.